வெளிச்சம் பத்தல

வேனின் வலதுபக்கத்து முன்விளக்கைப் பட்டறைக்காரர் சென்னியப்பன் கழற்றி எடுத்து, பானைக்குள் எலி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல உள்ளே எட்டிப் பார்க்கிறார். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். இறங்கி அவர் பக்கத்தில் நிற்கலாம், நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தால் கால் கண்ணில் படாது, அது ஒரு சௌகரியம். "டூமு கருத்துப் போச்சுங்க சார்" என்கிறார். டூம் என்பது பல்புக்குப் பின்னால் கிண்ணம்போல இருக்கிற பளபளப்பான பகுதி, வெளிச்சத்தைத் திரட்டி முன்னால் தள்ளுவது. பல்கலைக்கழகக் கலைச்சொல் குழுவில் இருந்த காலத்தில் இதற்கு எதிரொளிப்புக் கிண்ணம் என்று சொல் செய்தோம், குழி என்றுதான் இயற்பியல்காரர் சொன்னார், குழியில் எதைப் புதைக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டதும் கிண்ணம் ஜெயித்தது. ஜெயித்து என்ன, அச்சுக்கு வெளியே அந்தச் சொல்லை ஒரு மனிதர் வாயிலும் நான் கேட்டதில்லை. இவரிடம் சொல்லிப் பார்த்தால் என்ன என்று ஒரு குறும்பு. "அதை எதிரொளிப்புக் கிண்ணம்னு சொல்லணும் சென்னியப்பன்." அவர் நிமிர்ந்து, "சொல்லிட்டாப் போச்சுங்க சார். ஆனா கடையில கேட்டா பாயசக் கிண்ணம் எடுத்துக் குடுத்துருவான்" என்கிறார். நல்ல பதில். சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு கிளம்பியது தெரிந்தது, வருகிற வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. சாயங்கால வெயில் பானெட்டின் மேல் சரிந்து கிடக்கிறது, வெள்ளைப் பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து வாத்து எட்டிப் பார்க்கிறது. நர்சரிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி இது, சீட்டுகளைப் பிடுங்கிப் பலகைக் கட்டில் போட்டு, ஒற்றை அடுப்பு வைத்து, என் மனைவி சௌந்தரம் திரை தைத்து, எங்கள் ஓய்வுக்கால வீடாக்கினோம், எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் சாய்ந்த வெயிலில் அந்த வாத்து திரும்பி வந்துவிடும். கழுத்தில் ரிப்பன் கட்டிய வாத்து. இரண்டு காலும் தெளிவாக வரையப்பட்ட வாத்து.

கால். இல்லை, விளக்கைப் பற்றி யோசிப்போம், விளக்குக்காகத்தான் வந்திருக்கிறோம். வெளிச்சம் பத்தல என்று நான் சொன்னேன், அதனால் வந்திருக்கிறோம். கோத்தகிரி இறக்கத்தில் சொன்னேன். இருட்டத் தொடங்கியிருந்தது, பின்னால் கட்டிலில் சௌந்தரம் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், மலை என்றால் அவளுக்கு அந்த மாத்திரை, ஏறும்போது ஒன்று இறங்கும்போது ஒன்று, வளைவு முடிந்து சமதளம் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள், அப்படி ஒரு நம்பிக்கை. வளைவு திரும்பியதும் சாலைக்கு நடுவில் காட்டெருமை. எனக்குத் தெரிந்தது. இதை எனக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது, அந்த மங்கல் விளக்கிலேயே அதன் நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருந்தது வரைக்கும் தெரிந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியது மாதிரி நிற்கிறதே என்று நினைக்கக்கூட நேரம் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றால் மிதி என்று காலுக்குச் சொன்னேன். வண்டி நிற்பதற்குப் பதிலாக உறுமியது. உறுமலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்தேன், யாருடைய வண்டியோ சத்தம் போடுகிறது என்று. பிறகு கை பிரேக்கை இழுத்தது, கை என்பது என் கைதான், வண்டி குறுக்கே திரும்பி நின்றது, பின்னால் பாத்திரமெல்லாம் உருண்டது. காட்டெருமை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல், காலுறை நனையாமல் ஓடை தாண்டுகிறவர் மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. அதற்கு அதன் கால்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருந்தது. "என்னாச்சுங்க, தெரியலையா?" என்று பின்னாலிருந்து சௌந்தரம் கேட்டாள், மாத்திரைத் தூக்கத்தில் குரல் தடித்திருந்தது. "வெளிச்சம் பத்தல" என்றேன். சொல் வாயில் தயாராக இருந்தது, யாரோ முன்கூட்டியே அச்சுக்கோத்து வைத்ததுபோல. "அப்ப லைட்டை மாத்திருங்க" என்றாள். மறுபடி படுத்துக்கொண்டாள். பயம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு பயத்துக்காகக் காத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"எல்.இ.டி. போட்டுரலாமுங்க சார்" என்கிறார் சென்னியப்பன், "ராத்திரியப் பகலாக்கிப்போடும்." வேண்டாம் என்கிறேன். ஏன் வேண்டாம் என்று விளக்குகிறேன், விளக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. இந்தக் கிண்ணம் இழைபல்புக்காக வளைத்தது, இழை இருக்கிற இடத்தில் வெளிச்சம் பிறந்தால்தான் அது திரளும், வேறொரு இடத்தில் பிறந்தால் சிதறும், சிதறினால் மரத்தின் உச்சியும் எதிரே வருகிறவன் கண்ணும்தான் பிரகாசமாகும், சாலை ஆகாது. "எல்லாரும் போடறாங்களேங்க." "எல்லாரும் போடுறதாலதான் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு ஓட்டுறாங்க." "நீங்க லைட்டுப் பத்திப் புஸ்தகமே எழுதுவீங்க சார்." "எழுதியாச்சு. மோட்டார் வாகனத் தொகுதி." அவர் உதட்டைப் பிதுக்குகிறார், பிறகு நான் சொன்னபடியே புது டூம், அதே இழைபல்பு, பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் விடுகிற ரிலே என்று எடுத்து வைக்கிறார். நான் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்று சாயங்காலம் இந்தப் பட்டறையில் நான் சொல்கிற ஒவ்வொன்றும் சரி, கொஞ்சம் அருவருப்பாக இருக்கிறது. அவர் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்க்கிறார், பிறகு விளக்குக்கு வருகிற வயர் முனையில் வைத்துப் பார்க்கிறார். "பாருங்க சார், பேட்டரி நல்லா இருக்குது. அங்க கிளம்பறது பூராக் கிளம்புது. இந்த மெலிசு வயர்ல சுவிட்சுக்குப் போயிச் சுத்திட்டு வர்றதுக்குள்ள பாதி செத்துப்போகுது. பல்புமேல தப்பு இல்லீங்க, பேட்டரி மேலயும் தப்பு இல்லீங்க. நடுவுலதான்." நான் உவமை செய்ய மாட்டேன். கையில் கொண்டுவந்து வைக்கிறார், எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்கிறார், நான் எடுக்க மாட்டேன், இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற உவமையை எடுத்தால் குழுவில் இருந்த பெரியவர்கள் என்ன நினைப்பார்கள். தலையிலிருந்து கிளம்புவது பூராக் கிளம்புகிறது. நடுவிலே. வழி நீளம். கால்தான் தலையிலிருந்து மிகத் தூரம்.

மருத்துவத் தொகுதிக்கான கூட்டத்தில் ஒரு மத்தியானம் முழுக்க இந்த விஷயத்துக்குச் சொல் தேடியிருக்கிறோம். மரப்பு என்றார் ஒருவர், மரத்துக்கும் இதற்கும் என்ன என்று இன்னொருவர், உணர்வின்மை என்றால் கல்நெஞ்சக்காரனைச் சொல்வதுபோல இருக்கிறது என்று நான், மெதுவடை வந்தது, தின்றுகொண்டே உணர்விழப்பு என்று முடித்தோம், இழப்பு என்றால் முன்பு இருந்தது என்றாவது தெரியுமே. அப்போது என் இரண்டு கால்களும் மேஜைக்கு அடியில் இருந்தன, சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி அவற்றுக்குத் தெரிந்துகொண்டிருந்திருக்கும், அதைக் கவனித்த ஞாபகமே இல்லை. இப்போது டாக்டர் ஒரு நைலான் நூலை வைத்துக்கொண்டு பாதத்தில் தொட்டுத் தொட்டுத் தெரியுதா, தெரியுதா என்கிறார். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், மரியாதையான பையன், கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றார், மூடிக்கொண்டேன், முழுதாக அல்ல, அவர் முழங்கை அசைகிறபோதெல்லாம் தெரியுது என்றேன். நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் நியாயத்துக்காகத் தெரியலை என்றும் சொன்னேன். படிக்கிற காலத்தில் காப்பியடித்ததே இல்லை. "வண்டி ஓட்டுறீங்களா சார்?" "எப்பவாவது." அவர் பேனாவைக் கீழே வைத்தார், ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் நர்ஸ் அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சித்திரை மாதம் ஒரு மலையடிவாரக் கோயிலுக்குப் போனபோதுகூட இப்படித்தான், உச்சி வெயில், கருங்கல் பிராகாரம் கொதிக்கிறது, ஜனங்கள் ஐயோ ஐயோ என்று சாக்கு விரிப்பை நோக்கித் துள்ளி ஓடுகிறார்கள், நான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூணில் இருக்கிற சிற்பத்தையெல்லாம் நின்று பார்த்து, ஒரு யாளியின் பல்லை எண்ணிக்கொண்டு நடந்து வந்தேன். ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டே விட்டாள். பெருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், எத்தனை பேருக்கு நடந்தே ஞானியாக வாய்க்கிறது. சௌந்தரம் விரிப்பில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கும்பிடவில்லை. திரும்பி வரும்போது கடைத்தெருவில் இறங்கி, பின்னால் பட்டி வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்து, "இதைப் போட்டுக்கோங்க, நல்லாப் பிடிச்சுக்கும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பட்டி வைத்த செருப்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவது என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது இப்போதும் அங்கேதான், இந்த வண்டியில், எனக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பொருள் பின்னால் இருந்துகொண்டு முதுகைப் பார்க்க முடியுமா.

"ஏனுங்க, டீ." சௌந்தரம் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள், ஒரு கையில் இரண்டு டீ, இன்னொரு கையில் எனக்கென்று சர்க்கரையில்லாதது, அவளுக்கு மட்டும் எப்படியோ மூன்று கிளாசையும் சிந்தாமல் கொண்டுவரத் தெரியும். சென்னியப்பன் வாங்கிக்கொண்டு, "அக்கா, சாருக்குப் புடிவாதம் சாஸ்திங்க. எல்.இ.டி. வேண்டாம்னுட்டாரு" என்கிறார். "அவரு வேண்டாம்னா வேண்டாம்தான் தம்பி. எங்க கல்யாணத்துல நாதஸ்வரக்காரர்கிட்டயே, அந்தப் பாட்டுக்கு நேரம் இது இல்லீங்கன்னு மணவறையில இருந்து சொன்னவரு." "நெசமாவாக்கா?" "தாலி கட்டறதுக்கு முந்தி." சென்னியப்பன் டீ புரையேறச் சிரிக்கிறார். வெளிச்சத்தின் மட்டம் சரியாக வைக்க அவர் சொல்லியிருந்தபடி எப்போதும் போகிற பாரத்தோடுதான் வந்திருக்கிறோம், தண்ணீர்க் கேன் நிரம்பி இருக்கிறது, அரிசி, பாத்திரம், போர்வை, எல்லாம், ஏனென்றால் நாளை விடிவதற்கு முன்னால் கிளம்பி வால்பாறை ஏறுகிறோம், ஊசிவளைவு ஒவ்வொன்றும் நம்பர் போட்டு வைத்திருக்கிற மலை, பாதிக்கு மேல் இருட்டில் ஏறி உச்சியில் வெளிச்சம் பார்க்க வேண்டும் என்பது சௌந்தரத்தின் ஆசை, ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு அவள் தூங்கிவிடுவாள், நான்தான் எழுப்ப வேண்டும். எழுப்ப வேண்டும். அவள் பின்னால் காலை நீட்டிப் படுத்திருப்பாள், வாய் லேசாகத் திறந்திருக்கும். வேலைக்குப் போன காலமெல்லாம் வேளாண் கல்லூரிக்கு அவள்தான் எங்கள் பழைய காரை ஓட்டிக்கொண்டு போனாள், நான் பஸ்ஸில் போய்ப் புத்தகம் படித்தேன், வேன் வந்த பிறகு மட்டும் இது பெரிய வண்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எப்படியோ ஆகிவிட்டது. எப்படி என்று யோசித்தால் பதில் கிடைக்கும். யோசிப்பதில்லை. "ஓட்டுறவங்களுக்கு வாந்தி வராதாமுங்க, சும்மா உக்காந்து வர்றவங்களுக்குத்தான் வருமாம்" என்று ஒருமுறை ஊட்டி வளைவில் சொல்லிப் பார்த்தாள், அது உள்காதின் சமநிலை சம்பந்தப்பட்டது என்று நான் காதைப் பற்றி விளக்கத் தொடங்கி, விளக்கம் முடிந்தபோது அவள் தூங்கியிருந்தாள். நாளைக்கு மெதுவாகப் போனால் போதும். மெதுவாகப் போகிறவனுக்குக் கால் வேண்டியதில்லை. இது வாக்கியமா. இதை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். புது விளக்கு, புது டூம், ரிலே. தெரிந்தால் போதும், முன்கூட்டியே தெரிந்தால் நிறுத்த நேரம் இருக்கும். காட்டெருமையும் முன்கூட்டியே தெரிந்தது.

வெயில் போய்விட்டது. சென்னியப்பன் விளக்குகளைப் பொருத்திவிட்டார், எதிரே இருக்கிற கிட்டங்கிச் சுவரில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னால் போகிறார். "சார், அப்படியே பின்னாடி லைட்டும் பாத்துரலாமுங்க. பிரேக்கை மிதிங்க." சாவி திருகியிருக்கிறது, எஞ்சின் ஓடவில்லை. மிதிக்கிறேன். "மிதிங்க சார்." "மிதிச்சிருக்கேன்." "எரியிலீங்களே. நல்லா அழுத்துங்க." அழுத்துகிறேன், தொடை இறுகுவது தெரிகிறது, முழங்கால்வரை நான் இருக்கிறேன், அதற்குக் கீழே ஒரு செய்தியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "மிதிங்க!" "மிதிச்சுட்டுத்தானே இருக்கேன்!" என் குரல் உயர்ந்துவிட்டது, பாடத்தில் சரியாக இருக்கிறவன் குரல். "ரெண்டு பல்புமா ஒண்ணா பீஸ் போகும்?" என்று அவர் முணுமுணுப்பது கேட்கிறது. பல்புதான். பல்பு போயிருக்கும், பழைய வண்டி, மெல்லிசு வயர், நான் சொல்ல வாயைத் திறக்கிறேன், வாயில் சொல் தயாராக இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் நிற்கிற சௌந்தரத்தின் பக்கம் திரும்புகிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலி டீக் கிளாஸை மார்போடு வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்க்கிற இடத்தை நானும் பார்க்கிறேன். என் வலது கால் ஆக்ஸிலேட்டரின் மேல் இருக்கிறது. முழுக்க அழுத்தி, தரையோடு தரையாக, கடமை தவறாத ஊழியனைப்போல அழுத்திக்கொண்டு. பிரேக் அதற்கு இந்தப் பக்கத்தில் யாரும் தொடாமல் இருக்கிறது. எவ்வளவு நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை. அது என் கால் மாதிரியே இல்லை, செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். கோத்தகிரி வளைவு அவள் கண்ணில் வருவது தெரிந்தது. வளைவும், உறுமலும், பாத்திரம் உருண்டதும், வெளிச்சம் பத்தல என்றதும், ஒன்றன்பின் ஒன்றாக.

சென்னியப்பன் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அதற்குள் நான் காலைக் கையால் தூக்கி எடுத்துவிட்டேன். அவர் குனிந்து பிரேக்கைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கினார், பின்னால் தெருவெல்லாம் சிவந்தது. "எரியுதுங்களே!" என்றார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "செருப்பு வழுக்கியிருக்கும் தம்பி" என்றாள் சௌந்தரம். "பழைய செருப்பு." அவளும் வாயில் தயாராக வைத்திருந்திருக்கிறாள். எத்தனை நாளாக வைத்திருந்தாள். "அப்ப லைட்டை மாத்தறதுக்கு முந்திச் செருப்பைத்தானுங்க சார் மாத்தியிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்துக்கொண்டே முன்னால் போனார், திருப்புளியை எடுத்துக்கொண்டு விளக்கின் பக்கத்தில் மண்டியிட்டார். "செரிங்க, இப்ப வெளிச்சத்தைக் கோட்டுக்கு வெச்சுரலாம். யாரு ஓட்டுவாங்களோ அவங்க சீட்டுல இருங்க. ஆளு இல்லாம வெச்சா, ஏறி உக்காந்ததும் வெளிச்சம் எடம் மாறிப்போகும்." நான் சீட்டில்தான் இருக்கிறேன். அப்படியே இருந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சௌந்தரமும் ஒன்றும் சொல்ல மாட்டாள், இப்போது அவளும் பொய் சொல்லிவிட்டாள், சமமாகிவிட்டோம், விடிவதற்கு முன் கிளம்பலாம். அவள் மாத்திரை போடாமல் விழித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவாள், என் காலைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும். அல்லது போட்டுக்கொள்வாள். நான் கேட்டால் போட்டுக்கொள்வாள் என்பதுதான். அது எங்கேயோ பட்டது. முழங்காலுக்கு மேலே எங்கேயோ, ஒரு நூலால் தொட்டதுபோல, தெரியுதா என்றால் தெரியுது.

"சௌந்தரம்தான் ஓட்டுவா" என்றேன். என் குரல் யாரோ அறிவிப்புப் படிப்பதுபோல இருந்தது. சென்னியப்பன் தலையைத் தூக்கவில்லை, "அப்ப அக்கா ஏறுங்க" என்றார். அவள் ஏறாமல் என் பக்கம் திரும்பினாள். "மலையிலயுமாங்க?" "மலையிலயும்தான்." கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், தரை வந்துவிட்டது என்று முழங்கால் சொன்னது. அவள் கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள், ஏறியதும் முதல் வேலையாகச் சீட்டைக் கடகடவென்று முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள், பழைய காரில் உட்காருகிற அதே முதுகு. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். உண்மையில் இவ்வளவு கனமான வண்டிக்கு என் எடைக்கும் அவள் எடைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை, கோடு ஒரு நூல்கூட நகராது, யார் உட்கார்ந்தாலும் வெளிச்சம் அதே இடத்தில்தான் விழும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "போடுங்கக்கா" என்றார் அவர். சுவரில் வெளிச்சம் வந்தது, சிதறாமல், மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல. "தெரியுதுங்களா சார்?" "கொஞ்சம் மேல இருக்கு." திருப்புளி திரும்பியது, வெளிச்சம் இறங்கியது, கோட்டில் வந்து உட்கார்ந்தது. "ஏனுங்க" என்று ஜன்னலிலிருந்து சௌந்தரம் கையை நீட்டினாள். கையில் என் வலதுகால் செருப்பு இருந்தது, பெடலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் தரையில் போட்டேன். கீழே பார்த்தேன். வெறும் கால், கட்டைவிரலில் கிரீஸ், பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு, குத்தியிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது, குத்தவில்லை. "அது வேண்டாமுங்க, கட்டிலுக்கடியில இருக்கறத எடுத்துத் தரட்டுமா?" என்றாள். தலையாட்டினேன். அவள் எழுந்து பின்னால் போகிற சத்தம் கேட்டது. புது விளக்கு நன்றாகத்தான் எரிகிறது, அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், கால் எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறது.